ஆவாரம்பூ கூட்டு, ஆட்டுக்குடல், மூன்று சனிக்கிழமைகள்

நான் ஜெயித்தேன். ஜெயித்த அதே நாளில் என் இடத்தைப் பிடுங்கி ஒரு போண்டாக் கடைக்குக் கொடுத்தார்கள். நடந்த அநியாயம் இதுதான். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னுமா அதையே பேசுகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயம் இன்னும் கிடைக்கவில்லை, அதனால் இன்னும் பேசுகிறேன்.

கோயில், மலை, அணைக்கட்டு என்று எழுதிவந்த இந்தப் பக்கத்தில் இன்று சந்தை வருவதற்குக் காரணம் உண்டு. உழவர் சந்தையில் சத்தான சமையல் செய்துகாட்டப் போகிறோம், வெளியூர்ப் பயணம், என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். இந்த விஷயத்தில் எனக்கு மூன்று சனிக்கிழமை அனுபவம் இருக்கிறது. அது போதும்.

எழுபத்தொன்பதாம் வருஷம், தை மாதம். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. குடியாத்தத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு தறி. ஆண்கள் லுங்கி நெய்வார்கள், பெண்கள் நூல் சுற்றுவோம். விடிந்ததிலிருந்து தறி ஓடும். எங்களால்தான் ஓட முடியாது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கும், கண்ணும் நாக்கும் வெளுத்திருக்கும். காலையில் டீ, மத்தியானம் வடித்த சோறும் ஊறுகாயும், சாயங்காலம் மறுபடி டீ. இதுதான் சாப்பாடு.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. உணவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. அட்டை இல்லை. முதல் நாற்பது பக்கம் வேர்க்கடலைப் பொட்டலமாகப் போய்விட்டது. நாற்பத்தோராம் பக்கத்தின் முதல் வரி, "ஆகவே இதை ஒருபோதும் உண்ணலாகாது." எதை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மீதிப் பக்கங்களை மனப்பாடமாகும் வரை படித்தேன். படித்தபடி ஒரு வருஷம் சமைத்துச் சாப்பிட்டேன். தலைசுற்றல் நின்றது. இதை நாலு பேருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டேன், மாதர் சங்கத்தில் கேட்டேன். இரண்டு இடத்திலும் சர்ட்டிபிகேட் எங்கே என்றார்கள். சர்ட்டிபிகேட் கேட்காத ஒரே இடம் சந்தை. கத்திரிக்காய் விற்கிறவனிடம் யாரும் சர்ட்டிபிகேட் கேட்பதில்லை.

என் மைத்துனர் சனிக்கிழமை தோறும் லுங்கி விற்கப் போகும் சந்தை ஒன்று இருந்தது. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் அவர்களுக்குப் பெருமை. வழி மட்டும் சொல்கிறேன். குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா பதினான்கு கிலோமீட்டர். அங்கே பஸ் மாறி ஆம்பூர் சாலையில் இருபது கிலோமீட்டர். இறங்கி, தோல் வாசனை எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். தவறவே முடியாது.

மைத்துனர் சொல்லி, சந்தைக் குத்தகைக்காரர் வரதனைப் போய்ப் பார்த்தேன். நல்ல உயரம், காதில் எப்போதும் ஒரு பென்சில். சந்தை வாசலில் ஒரு புளியமரம், அதன் நிழல் அன்றைக்குக் காலியாக இருந்தது.

"இந்தாம்மா, அந்த எடத்தைப் போண்டாக்கார முனியம்மாவும் கேட்டுனு இருக்குது. உனக்கு மூணு வாரம் தர்றேன். மூணாவது வாரத்துக்குள்ள ஒரே ஒரு நாள் உன் குண்டான் காலியாவட்டும், எடம் ஆயுசுக்கும் உன்னுது. ஆவலைன்னா முனியம்மாவுக்கு."

"ஒரே ஒரு குண்டானா?" என்றேன். முதல் வாரமே ஆகிவிடும் என்று நினைத்தேன். இப்படி நினைப்பதுதான் இந்த மாதிரிப் பயணங்களில் எல்லோரும் செய்யும் முதல் தப்பு.

முதல் சனிக்கிழமை காலை 5.40-க்குப் பஸ். கையில் பம்ப் ஸ்டவ், இருபது பேர் சாப்பிடக்கூடிய இரும்புக் குண்டான், பாசிப்பருப்பு, கேழ்வரகு மாவு, ஒரு சாக்குப்பை நிறைய ஆவாரம்பூ. கண்டக்டர் குண்டானையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, குண்டானுக்கு எத்தினி வயசு?"

"என் மாமியார் கல்யாணத்துக்கு வாங்கினது. முப்பத்தெட்டு இருக்கும்."

"அப்ப முழு டிக்கெட்டு. அஞ்சு வயசுக்குள்ளன்னா சும்மா வுட்டிருப்பேன்."

பஸ்ஸே சிரித்தது. எனக்கு அறுபது பைசா, குண்டானுக்கும் அறுபது பைசா. பள்ளிகொண்டாவில் இருபது நிமிஷம் காத்திருந்து அடுத்த பஸ். அங்கே எண்பது பைசா. அந்தக் கண்டக்டர் குண்டானின் வயதைக் கேட்கவில்லை. 7.15-க்கு இறங்கினேன்.

ஆவாரம்பூவை ஏன் எடுத்துப்போனேன் என்று சொல்லிவிடுகிறேன். தை மாதத்தில் குடியாத்தத்திலிருந்து ஆம்பூர் வரை சாலை ஓரமெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். காசு கிடையாது, யாரையும் கேட்க வேண்டாம். பறித்துக் கழுவி, பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டால் அருமையான கூட்டு. கேழ்வரகுக் களியோடு சாப்பிட்டால் மத்தியானம் வரை பசிக்காது. ஏழைகள் கூடும் சந்தையில் சும்மா கிடைப்பதை வைத்துச் சமைத்துக் காட்ட வேண்டும் என்பது என் கணக்கு. கணக்கு சரிதான். ஊர்தான் தப்பு.

ஒன்பது மணிக்குள் கூட்டு வாசனை கிளம்பி முப்பது பேர் கூடிவிட்டார்கள். வடித்த கஞ்சியைக் கொட்டாதே, கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதே, சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே என்று பேசிக்கொண்டே வாழையிலைத் துண்டுகளை நீட்டினேன். முதல் வரிசையில் இருந்த ஒருத்தி கையை நீட்டியவள் பாதியில் நிறுத்தினாள்.

"இது இன்னா பூ அக்கா?"

"ஆவாரம்பூ."

நீட்டிய மற்ற கைகளும் மடங்கின. பின்னாலிருந்து ஒருவர் முன்னே வந்தார். முழங்கை வரைக்கும் காவி நிறம் ஏறிய கை, அதே நிறத்தில் நகம். தோல் கம்பெனியில் பட்டைத் தொட்டிகளுக்கு மேஸ்திரி, பெயர் தாவூத். தோலைப் பதம் பண்ணுவதற்கு அவர்கள் ஊறப்போடுவது ஆவாரம்பட்டைத் தண்ணீரில்தான். எனக்கு அது தெரியும். அதை யாராவது கூட்டோடு சேர்த்து யோசிப்பார்கள் என்றுதான் தெரியாது.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆட்டுத் தோலு எங்க தொட்டில முப்பது நாள் ஆவாரத்துல ஊறினா செருப்பாவுது. மனுசன் குடலு எத்தினி நாள் தாங்கும்?"

"அது பட்டை, மேஸ்திரி. இது பூ."

"பட்டை ஒரு மரத்துலயும் பூ வேற மரத்துலயுமா வருது?"

கூட்டம் சிரித்தது. நான் விடவில்லை. "நாக்குல துவர்க்கிறதெல்லாம் தோலாக்கும்னா டீயும் துவர்க்குது. ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீங்க?"

"எட்டு."

"குடல் செருப்பாயிடுச்சா?"

"ஆயிருக்கும்போல அக்கா. அதான் எனக்கு இதுவரைக்கும் வவுத்து வலியே வந்ததில்ல."

அதற்கப்புறம் என்ன பேசி என்ன பிரயோசனம். குடலைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள் குடலைக் காப்பாற்றிக்கொண்டு கலைந்துபோனார்கள். பத்தடி தள்ளி வேறு மரத்தடியில் இருந்த முனியம்மா, "உன் சத்தெல்லாம் சரிதான்க்கா, மொறுமொறுன்னு எதுனா இருக்குதா?" என்று கேட்டாள். குண்டானை நிறைந்தபடியே தூக்கிக்கொண்டு குடியாத்தம் திரும்பினேன். எங்கள் தெருவே இரண்டு நாள் அந்தக் கூட்டைச் சாப்பிட்டது.

அடுத்த வாரம் முருங்கைக்கீரை எடுத்துப்போயிருக்கலாம். என் வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார். முருங்கைக்கீரைக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள், குண்டானும் காலியாகியிருக்கும். ஆனால் தப்பில்லாத பூவை நான் ஏன் மாற்ற வேண்டும்? மாற்றினால் குடல் தோலாகும் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா? இரண்டாவது சனிக்கிழமையும் ஆவாரம்பூ கூட்டுதான்.

தாவூத் மேஸ்திரி எனக்கு முன்பே வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் இருந்த புத்தகத்தை வாங்கி, பக்குவமாகத் துடைத்த கையால் புரட்டினார்.

"முதல் நாப்பது பக்கம் எங்கக்கா?"

"கிடைக்கலை."

நாற்பத்தோராம் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். "ஆகவே இதை ஒருபோதும் உண்ணலாகாது." புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். "அது ஆவாரம்பூவா இருந்தா?"

பத்து பேர் கைதட்டினார்கள். அந்த மனிதரை அப்போது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்து அவர் செய்ததைக் குறை சொல்ல முடியாது. வாயால் பேசுவது பேஜார், வேலை தெரிந்தவர்கள் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். கறிக்கடையில் ஒரு ஆட்டுக்குடல் வாங்கிவந்தார். அதைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவினார். "தோலையும் நாங்க மொதல்ல சுண்ணாம்புலதான் போடுவோம், அதனால ரெண்டு பேருக்கும் நியாயம்" என்று விளக்கமும் சொன்னார். ஒரு புது மண்சட்டியில் என் கூட்டை ஊற்றி, குடலை அதில் முக்கி, மூடி, களிமண் பூசினார்.

"அடுத்த சனிக்கிழமை தொறப்போம். பதம் ஏறினது அழுகாது, ஏறாதது அழுகிடும். குடல் பதமாயிருந்தா நீங்க அடுப்பைக் கட்டினு ஊருக்குப் போயிடணும். அழுகியிருந்தா உங்க கூட்டு வெறும் சாப்பாடுதான்னு ஒத்துக்கறேன். ஒத்துக்கிறது மட்டுமில்ல, நானும் என் ஆளுங்க ஆறு பேரும் உக்காந்து குண்டானைக் காலி பண்றோம்."

"சரி" என்றேன். ஒரு ஊட்டச்சத்துப் பிரசாரம் தன் உணவு நன்றாக அழுக வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

சட்டியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. இரண்டு பக்கமும் சேராத ஆள் வேண்டும் என்று குத்தகைக்காரர் வரதனிடம் கொடுத்தோம். அவர் சுங்கம் வாங்க உட்காரும் ஓட்டுக் கொட்டகையில், அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டார். அவராகக் கேட்டுத்தான் வாங்கிக்கொண்டார். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கியபோதே செய்தி வந்துவிட்டது. புதன்கிழமை சட்டி மூடி தானாக எழும்பியதாம். வரதன் மேலும் களிமண் பூசி, மேலே ஒரு அம்மிக்குழவியை வைத்தாராம். வெள்ளிக்கிழமையிலிருந்து நாற்காலியை வாசலுக்கு வெளியே போட்டுக்கொண்டாராம். எனக்கு அப்போதே தெம்பு வந்தது. புதுக் கூட்டைக் காலை பத்து மணிக்கே இறக்கி வைத்தேன்.

பதினோரு மணிக்குச் சட்டியைச் சந்தை நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். சுற்றிலும் இருநூறு பேராவது இருப்பார்கள். தாவூத் மேஸ்திரி குழவியை எடுத்தார், களிமண்ணைச் சுரண்டினார், மூடியைத் திறந்தார்.

அந்த நாற்றத்தை எழுத்தில் எழுத முடியாது, முயற்சியும் செய்யப்போவதில்லை. தோல் கம்பெனிக் காற்றிலேயே பிறந்து வளர்ந்த ஜனங்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். கட்டியிருந்த ஆடுகள் கயிற்றை அறுத்தன. தக்காளிக்காரர் கூடையை விட்டுவிட்டு ஓடினார். முனியம்மா, "ஐயோ என் எண்ணெய், என் எண்ணெய்" என்று வாணலி மேல் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் தானும் கவிழப் பார்த்தாள். ஐந்து நிமிஷத்தில் சந்தை காலி.

நின்றவர்கள் எட்டுப் பேர். தாவூத் மேஸ்திரி, அவருடைய ஆட்கள் ஆறு பேர், நான். அவர்களுக்கு மூக்கு பழக்கப்பட்டது, எனக்குப் பிடிவாதம். மேஸ்திரி கையை விட்டுக் குடலை எடுத்தார். விரலுக்கிடையில் வைத்து இழுத்தார். நூல் மாதிரிப் பிரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு காலி மைதானத்தைப் பார்த்து, கோர்ட்டில் சொல்வது போல உரக்கச் சொன்னார்:

"சுத்தமா அழுகிப்போச்சு. ஒரு இம்மியும் பதமாகல. இது சாப்பாடுதான். அக்கா ஜெயிச்சுட்டாங்க."

கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஏழு பேரும் புளியமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் பரிமாறினேன். பரிமாறிக்கொண்டே, போன இரண்டு வாரம் பேச விடாததையெல்லாம் பேசினேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒழுங்கான வகுப்பு அதுதான். ஏழு பேர் வாயிலும் களி இருந்ததால் யாரும் குறுக்கே பேசவில்லை.

"எப்படி இருக்குது?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்குதுக்கா. உப்பு கம்மி."

"உப்பு சரியாத்தான் இருக்குது."

"சரிக்கா, சரியாத்தான் இருக்குது. நாக்குதான் ஜாஸ்தி கேக்குது."

மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். கடைசியில் குண்டானில் ஒரே ஒரு கரண்டி மிச்சம் இருந்தது. "இதையும் போடட்டுமா?" என்று கேட்டேன். மேஸ்திரி இலையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"வேணாம்க்கா. சமைச்சவங்களுக்கு வைக்காம குண்டானை வழிச்சுத் துன்றது எங்க வூட்டுப் பழக்கம் இல்ல. காலைலேர்ந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல. அது உங்களுக்கு."

இந்த இடத்தில்தான் வரதன் வந்தார், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு. குண்டானை எட்டிப் பார்த்தார்.

"காலியாகலையே."

"ஒரு கரண்டி" என்றார் மேஸ்திரி. "அது அவங்க பங்கு. நீங்க சாப்பிட்டுடுங்கக்கா, பேச்சு முடிஞ்சுது."

ஒரு வாய்தான். சாப்பிட்டிருந்தால் இடம் என்னுடையது. ஆனால் அடுத்தவர்கள் சாப்பிட்டுக் காலியாக வேண்டும் என்பதுதானே பேச்சு? சமைத்தவளே வழித்துத் தின்று ஜெயித்தால் அது ஜெயிப்பா? "நான் சாப்பிட மாட்டேன்" என்றேன். மேஸ்திரியிடம், "நீங்க சாப்பிடுங்க" என்றேன். "உங்க பங்கை நான் எப்படிக்கா சாப்பிடறது" என்றார். அவர் மாட்டேன் என்கிறார், நான் மாட்டேன் என்கிறேன். கால்மணி நேரம் அந்த ஒரு கரண்டி கூட்டு ஆறிக்கொண்டிருந்தது.

வரதன் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "குண்டான் காலியாகல, சந்தைதான் காலியாச்சு" என்றார். எண்ணெயைப் பார்க்கத் திரும்பி வந்திருந்தவளிடம், "முனியம்மா, எடம் உனுக்கு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னைச் சுற்றி நான்கு சீட் காலி. "எந்தக் கம்பெனில வேலைம்மா?" என்று கண்டக்டர் தூர நின்று கேட்டார். குண்டானுக்கு டிக்கெட் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அது.

அதற்கப்புறம் வேறு சந்தைகள், வேறு ஊர்கள் பார்த்தேன். யாரும் சர்ட்டிபிகேட் கேட்காத காலமும் வந்தது. ஆனால் அந்த நிழல் எனக்குச் சேர வேண்டியது. போன வருஷம் ஆட்டோவில் போய்ப் பார்த்தேன். புளியமரம் இருக்கிறது. அடியில் போண்டா. "இறங்கலையா ஆயா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். "இடத்தைக் கொடுத்தால்தான் இறங்குவேன்" என்றேன். சாலையிலிருந்து போகவர நூற்றைம்பது ரூபாய் வாங்கினார். நீங்கள் பேரம் பேசுங்கள்.

இனி, யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவிடுகிறேன்.

செய்துகாட்டப் போகிறவர்கள் ஸ்டவ்வும் தண்ணீரும் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டும். போகும் ஊரில் என்ன தொழில் என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். அவர்கள் தொட்டியில் போடுவதை நீங்கள் தட்டில் போடுவதாக இருந்தால் ஒரு வாரம் கூடுதலாக ஒதுக்க வேண்டும். எந்தச் சோதனைக்கும் ஒப்புக்கொள்ளலாம், ஆனால் சட்டியை ஊருக்கு வெளியே திறக்க வேண்டும்.

சந்தையை இப்போது நடத்துகிறவர்கள் அந்தப் புளியமர நிழலைச் சனிக்கிழமை காலை மட்டுமாவது சமையல் செய்துகாட்டுகிறவர்களுக்கு விட வேண்டும். எனக்கே கொடுக்க வேண்டும் என்பதில்லை. என் பெயரைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

வரதன் குடும்பத்தார், சட்டியை அவராகக் கேட்டு வாங்கித்தான் கொட்டகையில் வைத்துக்கொண்டார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முனியம்மாவின் வாரிசுகள் எண்ணெயை மாற்ற வேண்டும். போன வருஷம் நான் பார்த்த நிறம் எழுபத்தொன்பதாம் வருஷத்து நிறம். குடியாத்தத்தில் அந்தக் காலத்தில் வேர்க்கடலைப் பொட்டலம் பிரித்தவர்கள் யாரிடமாவது அந்த நாற்பது பக்கம் இருந்தால், நாற்பதாம் பக்கத்தை மட்டும் அனுப்பினாலும் போதும். எதை ஒருபோதும் உண்ணலாகாது என்று தெரிந்துகொள்ள வேண்டிய வயது எனக்கு வந்துவிட்டது.

கடைசியாக, தாவூத் மேஸ்திரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். இதைப் படிக்கிறவர்கள் யாராவது அவரைத் தெரிந்திருந்தால் அவரிடம் படித்துக் காட்ட வேண்டும். முழுக் குண்டானையும் காலி செய்வதாகச் சொன்னவர் ஒரு கரண்டி மிச்சம் வைத்துப் போயிருக்கிறார். அவர் வந்து அதை முடிக்க வேண்டும். வருகிற தையில் ஆவாரம்பூ பூக்கும். அன்றைக்கு நான் செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். அவர் வருவதற்கு முன்பே நான் சாப்பிட்டு முடித்திருப்பேன், என் பங்கு என்று பேச்சு வராது. அன்றைக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் தனியாக ஒரு கிண்ணத்தில் வைக்கிறேன்.